சரிபாதி தூரம்

ஜூன் 4
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமே இல்லை. அக்கா ஊருக்கும் என் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் மறுபடி பார்த்தேன். பதினோராயிரம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பதின்மூன்று மணி நேரம். அம்மா போனபிறகு ஆறு வருடமாக "நீ வா", "நீதான் வரணும்" என்றே இழுபறி. நான் இறங்கி வருவேனா? மாட்டேன்.

ஜூன் 5
பல் தேய்க்கும்போது தோன்றியது! யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். சரிபாதி தூரத்தில் பெரிய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து. ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டு அவரவர் திரும்ப வேண்டியது.

சின்ன வயதில் அம்மா போட்ட சட்டம்: கேக்கை ஒருத்தி வெட்டினால் மற்றவள் முதலில் எடுக்கணும். அந்தப் பயத்தில் மயிரிழை பிசகாமல் வெட்டிப் பழகிய கை இது. இப்போது உலகத்தையே வெட்டிவிட்டேன் அம்மா!

ஜூன் 6
அக்கா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"தூரம் சமம்டி. நேரம்? காத்து உன்னைப் பின்னாலிருந்து தள்ளும், ஆறே கால் மணி நேரத்துல வந்துருவ. எனக்கு எதிர்காத்து. ஏழு மணி நேரம்."

"திரும்பும்போது எனக்குத்தானே எதிர்காத்து? சரியாப் போச்சுல்ல?"

முணுமுணுவென்று கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிறகு, "சரி, போடு டிக்கெட்டை" என்றாள். போட்டுவிட்டேன்!!

ஜூன் 17
"ஏர்போர்ட் நாற்காலியில உட்கார்ந்துட்டு வரவா இவ்வளவு தூரம்?" என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கட்டிய பெட்டியை மூன்று முறை பிரித்துக் கட்டியாயிற்று.

ஜூன் 24
கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். "படி எல்லாம் சாயுதும்மா" என்று திரும்பி வந்தார். முதலாளி முறைத்தார்.

சாயங்காலம் அக்கா போன். திரும்பும் விமானத்தில் என் சீட் நம்பர் என்ன, ஜன்னல் பக்கமா என்று கேட்டாள். இதிலுமா போட்டி? ஜன்னல்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

ஜூன் 29
நாளைக்கு!

ஜூலை 2
வீட்டுக்கு வந்து இப்போதுதான் எழுத உட்கார்கிறேன்.

யார் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டது என்று இருவருக்கும் தெரியவில்லை. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பகல் எங்கே போனது? என் விமானத்துக்கு அழைத்தார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை, கல்நெஞ்சக்காரி. வழியனுப்ப வந்தவள் வரிசையிலும் என் பின்னால் நின்றாள்.

"இதுக்கு மேல உன்னை விட மாட்டாங்கக்கா, போ."

அவள் தன் டிக்கெட்டை நீட்டினாள். என் பக்கத்துச் சீட்.

"வெட்டினது நீ. முதல்ல எடுக்குறது நான். அதானே அம்மா சட்டம்? ரெண்டு பாதியையும் எடுத்துக்கிட்டேன்."

இரண்டு பாதியிலும் எதிர்காற்று அவளுக்குத்தான். என் ஜன்னல் சீட்டையும் பிடுங்கிக்கொண்டாள். இப்போது உள்ளறையில் குறட்டை விடுகிறாள்.

டிசம்பரில் அவள் ஊருக்கு நேர் விமானம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. பதின்மூன்று மணி நேரம்தான்.