முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

1931 ஜூன் 7, ஞாயிறு. நெய்யூர்.

என் பேரப்பிள்ளைகளை ஒருதரம் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மூத்தவன் செல்வதாஸ் சர்வே ஆபீசில் இருக்கிறான். அவன் அளந்த ரோட்டில்தான் குளச்சல் பஸ் ஓடுகிறது. ஞானதாசன் மார்த்தாண்டத்தில் கணக்கு வாத்தியார். அவனுக்குப் பயந்தே பிள்ளைகள் பாஸாகிறார்களாம். கடைக்குட்டி மத்தியாஸ் வேதபாடப் பரீட்சையில் எல்லாச் சபைகளுக்கும் முதல்.

இனி லீலாபாய். என் மகன் ராஜையனின் ஒரே மகள். இன்டர்மீடியட் முதல் வகுப்பில் பாஸ். எங்கள் சபையில் வேறு எந்தப் பெண்பிள்ளை அவ்வளவு தூரம் படித்தாள்? பொய் எழுதக் கூடாது — ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரெஸ்ஸர் இஸ்ரவேலின் மகள் பூங்கனியும் பாஸ்தான். இரண்டாம் வகுப்பு.

இரண்டு பேரையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். லீலா பல் தெரியச் சிரித்துவிட்டாள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9

இனி எங்கே படிப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு. பக்கத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது, பி.ஏ. படிக்கலாம். லீலா கேட்பது சென்னை, டாக்டர் படிப்பு. மிஷனில் ஒரே ஒரு பெண்ணுக்குச் சிபாரிசு கொடுப்பார்கள். அது லீலாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இவள் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, மூடியில் வெள்ளை மையால் பேர்கூட எழுதி வைத்துவிட்டாள்.

"அஞ்சு வருஷம்தான் பாட்டி. படிச்சு முடிச்சா நம்ம ஆஸ்பத்திரிக்கே வந்திருவேன். உங்க கண்ணையும் நானே பாப்பேன்."

"எனக்க கண்ணுக்கு என்னட்டி? கொழம்புல உப்புக் கல்லு கெடந்தாலும் தெரியுது."

"திருவனந்தபுரத்துல டாக்டர் படிப்பு இல்லியே பாட்டி."

"பி.ஏ. இருக்குல்லா. சனிக்கெழமை பஸ்ஸுல ஏறினா தக்கலையில எறங்கலாம். சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு. "சனிக்கெழமைக்கு வேண்டியா காலேஜு படிக்கது?"

ராஜையனைக் கேட்டால், "அம்மா சொல்லுகது போல" என்கிறான். ஸ்கூலில் ஹெட்மாஸ்டர், வீட்டில் இப்படி.

ஜூன் 12

சென்னை என்றால் ஒரு பகலும் ஒரு இராத்திரியும் ரயில். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் வந்து சேருமுன் மண்ணை மூடிவிடுவார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொல்வது வேறு: டாக்டருக்குப் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது; சபைக்கு முதல் பி.ஏ. பெண் நம் வீட்டிலிருந்து வர வேண்டும். அதுவும் பொய் இல்லையே?

ஜூன் 13, சனி

"என்னட்டி முடிவு?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, "பாக்கலாம் பாட்டி" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று கோயிலில் ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். காரணத்தையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் எழுத்தைப் போதகர் ஐயா தடுமாறாமல் வாசித்தார்: "நேசம்மாள் பாட்டி தம் பேத்தி லீலாபாய் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கக் கர்த்தர் வழி திறந்ததற்காக." ஒரு நிமிஷம் கோயிலே எட்டி எங்கள் முன்வரிசையைப் பார்த்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

வெளியே வந்தால் கூட்டம். "இனி பாட்டிக்க பக்கத்துல இருக்கணும்னா நாங்களும் பி.ஏ. படிக்கணும் போல" என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

லீலாவைத் தேடினேன். பாட்டுப் புஸ்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிணற்றடியில் தனியாக நின்றாள்.

ஜூன் 15

"ஏன் பாட்டி அப்பிடிச் செய்திய?"

"நீ பாக்கலாம்னு சொன்னியே."

"பாக்கலாம்னா சரின்னா அர்த்தம்?"

ராஜையன்தான், "போதகர்ட்ட நான் போய்ச் சொல்லுகேன், அம்மைக்கு வெவரம் தெரியாதுன்னு" என்று எழுந்தான். வெவரம் தெரியாதாம்! எனக்கு! லீலாதான் அவனை மறித்தாள்.

"வேண்டாம்ப்பா. ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. திருப்பி எடுத்தா பாட்டி ஆண்டவருக்க சமூகத்துல பொய் சொன்னதா ஆவும். நான் திருவனந்தபுரத்துக்கே போறேன்."

அழுதால் நான் இளகியிருப்பேன். அவள் அழவில்லை.

ஜூன் 17

நானே போய், ஐயா, அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. போதகர் வீடு கூப்பிடு தூரம்தான். போகவா?

முன்வரிசையில் உட்காருகிறவள் நான். எந்த முகத்தோடு போவேன்?

ஜூன் 18

போகவில்லை.

ஜூன் 29

மிஷன் சிபாரிசு பூங்கனிக்குப் போய்விட்டது. இன்று அவள் சென்னைக்குப் புறப்பட்டாள். லீலா தன் டிரங்குப் பெட்டியையே அவளுக்குக் கொடுத்துவிட்டாள். பேரைச் சுரண்டிப் பார்த்தார்கள், போகவில்லை. பூங்கனி என்று அதன்மேலேயே எழுதிவிட்டார்கள். "நீ ஒரு பழைய தகரப் பெட்டி எடுத்துக்கிட்டுப் போனா போருமா?" என்று கேட்டேன்.

"பக்கம்தானே பாட்டி" என்றாள்.

ஆகஸ்ட் 8, சனி

புட்டு அவித்து வைத்திருந்தேன். லீலா வரவில்லை. பரீட்சையாம்.

ஆகஸ்ட் 15, சனி

வரவில்லை.

டிசம்பர் 25

வந்தாள். எல்லோருக்கும் துணி வாங்கி வந்தாள். எனக்கு நல்ல வெள்ளைச் சேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாடகர் குழுவில் மட்டும் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். கேட்காததற்கு ஒன்றும் சொல்வதில்லை. முன்பு வாயை மூடச் சொல்லி நான்தான் திட்டுவேன்.

1933 ஜூன்

லீலாபாய் பி.ஏ. பாஸ். சபைக்கு முதல் பெண். காணிக்கை வைத்தேன், போதகர் வாசித்தார், கோயிலே எட்டிப் பார்த்தது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. திருவனந்தபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாள்.

பட்டம் வாங்கும்போது படம் எடுத்திருப்பாள்தானே? அனுப்பவில்லை.

1934 பெப்ருவரி 20

பினாங்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். சொல்லிப் போகத்தான் வந்திருக்கிறாள், கேட்டுப் போக இல்லை.

"ஏன் மக்கா இவ்வளவு தூரம்?"

"எல்லாம் ஒண்ணுதான் பாட்டி."

"எனக்க மேல கோவமா?"

பெட்டிக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள். "இல்ல பாட்டி. கோவம்னா எப்பமாவது தீந்திருக்கும்."

வெற்றிலை உரலை இழுத்து வைத்து இடிக்கத் தொடங்கினேன். சென்னைக்கு ரயிலாவது உண்டு. நானல்லவா அது தூரம் என்றேன்.

1935 டிசம்பர் 24

கிறிஸ்மஸ் கார்டு வந்தது. பனி விழுகிற படம். பின்னால் இரண்டு வரி.

1937 ஏப்ரல் 11

கண் மங்குகிறது, எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டியிருக்கிறது. பூங்கனி டாக்டராகி வந்துவிட்டாள். நம் ஆஸ்பத்திரியிலேயே வேலை. இஸ்ரவேலுக்குக் கால் தரையில் படவில்லை. படட்டும் படாமல் இருக்கட்டும், எனக்கென்ன? சுமட்டுக்காரன் அவள் சாமானைத் தலையில் வைத்து எங்கள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோனான். கூப்பிட்டு நிறுத்தினேன். மூடியில் பேரைச் சுரண்டின இடத்தைத் தடவிப் பார்த்தேன். அந்த டிரங்குப் பெட்டிதான்.

போனது லீலாவின் பெட்டி. திரும்பியும் வந்துவிட்டது.

1938 ஜனவரி 9

உள்ளதை எழுதுகிறேன். லீலா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடித்தேன். தூரமாகப் போன பூங்கனி தினமும் வாசலைக் கடந்து நடக்கிறாள். போய்ச் சொல்லியிருக்கலாம். போதகர் வீடு கூப்பிடு தூரம். இப்போதும் அதே தூரம்தான். இனி யாரிடம் என்ன சொல்ல?

பெப்ருவரி 3

பூங்கனியே வீட்டுக்கு வந்து கண் பார்த்தாள். "மேல பாருங்க பாட்டி. இனி கீழ. ரெண்டுலயும் படலம் மூடியிருக்கு. ஒண்ணை ஆப்பரேஷன் செய்து பாக்கலாம், தெளியும்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. மற்றது கஷ்டம்." கை நல்ல குளிர்ச்சி. உங்க கண்ணை நானே பாப்பேன் என்று ஒருத்தி சொன்னது ஞாபகம் வந்தது.

போகும்போது சுவரில் இருக்கும் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். "நானும் அவளும் எடுத்ததுல்லா இது? என்ன சிரிப்பு பாருங்க! லீலா இப்பம் எப்படி இருக்கா பாட்டி?"

"நல்லா இருக்கா மக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? கப்பல் ஏறி நாலு வருஷமாகிவிட்டது, இப்போது அவள் முகம் எனக்குத் தெரியாதே.

பெப்ருவரி 4

பினாங்குக்கு எழுதினேன். கோடு கோணினாலும் என் கையெழுத்துதான். மன்னிப்பு என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. முதல் பி.ஏ. நீதான், இன்னும் வேறு யாரும் எட்டவில்லை என்று எழுதினேன். பூங்கனி வந்ததையும் எழுதினேன். கடைசியில் இவ்வளவுதான்:

மக்கா, சுவரில் இருக்கிற படம் பழசாகிவிட்டது. ஆப்பரேஷனுக்கு முன்னால் கிடைக்கிற மாதிரிப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். சிரிக்க வேண்டும் என்று இல்லை.