எட்டாம் பக்கம், மூன்றாம் வரி

நாள் 61. காலை 8.10
மருத்துவ அறை, தென்முனைப் பனிச்சுரங்கம், சந்திரன்

என் கை நடுங்குகிறது என்று சுரங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். எழுபத்தொரு வயது விதவையை இங்கே அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்றும் சொல்கிறார்களாம். வயது சரி. விதவை என்பதும் சரி. கை நடுங்கவில்லை. பூமியில் இருக்கும்போதே இருபத்திரண்டு பேரின் தாடைகளில் எண்பத்தெட்டு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினேன். எல்லாத் துளைகளும் ஒரே ஆழம். எக்ஸ்ரே படங்கள் இரண்டாம் அலமாரியில் எண் வரிசையில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் எடுத்து அளந்து பார்க்கலாம்.

இதை முதன்முறையாகப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். தலைக்கவசத்துக்குள் ஒரு சிறிய சுவாச மூடி உண்டு. ஆட்கள் அதைக் கடிவாளம் என்பார்கள். உடுப்பு கிழிந்து காற்று வெளியேறினால் அந்த மூடி தாடைத் திருகுகள் நான்கிலும் பூட்டிக்கொண்டு முகத்தை இறுக்கும். ஆறு நிமிடம் உயிர் தாங்கும். அதற்குள் கதவுக்கு ஓடி வந்துவிடலாம். திருகை எலும்பு பற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைய பரிசோதனை: திருகின் பிடிமானம், நூற்றுக்கு. எழுபதுக்கு மேல் இருந்தால் நல்லது. வேலையில் சேர்ந்தபோது சராசரி 74. போன மாதம் 66. இன்று 58. ஈர்ப்பு குறைந்த இடத்தில் எலும்பு மெதுவாகக் கூடும் என்று காரணம் எழுதியிருக்கிறேன். என் தாடையிலும் நான்கு திருகுகள் உண்டு, என் சக மருத்துவர் பொருத்தியவை. என் அளவு 79. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எழுதவில்லை. யோசிக்க வேண்டும்.

இங்கே யாரும் புகைப்பதில்லை. அதில் நான் கண்டிப்பானவள். என் கணவர் கிளாரன்ஸ் முப்பத்தொரு ஆண்டுகள் புகைத்தார். அவர் நுரையீரல் எப்படி முடிந்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நாள் 64. காலை 11.25

உச்சிமாகாளி இறந்துவிட்டான். வயது இருபத்தாறு. முதல் ஷிப்டின் தலைவர் பேச்சிமுத்துவின் உடன்பிறந்த தம்பி.

துளைக்கருவியின் முனை உடைந்து அவன் தொடையைக் கிழித்தது. மூடி பூட்டியது, இறுக்கியது. நான்கு திருகுகளும் ஈறோடு பிய்ந்து வெளியே வந்துவிட்டன. கவசத்தின் கண்ணாடி உள்ளிருந்து சிவந்து நுரைத்தது. கதவுக்கு நாற்பது மீட்டர் இருந்தது. பத்து மீட்டர் ஓடினான்.

உள்தொடர்பில் பதிவானது:
“அண்ணே, பல்லு... அண்ணே, வந்துட்டு, மூடியோட வந்துட்டு...”
“ஏல மாகாளி, வாயப் பொத்திக்கிட்டு ஓடியால! ஓடியா! ஏல!”

பிறகு பேச்சிமுத்துவின் குரல் மட்டும் நான்கு நிமிடம்.

நாள் 64. மாலை 5.00

உடற்கூறு ஆய்வு முடிந்தது. திருகுகளைக் கழுவி உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒன்றில்கூட எலும்பு ஒட்டியிருக்கவில்லை. உறையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோலப் பளபளக்கின்றன. துளையின் சுவரில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு. ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கின்றன.

இந்தப் படத்தை நான் அறிவேன். நாற்பது ஆண்டுகளாகப் புகைப்பவர்களின் தாடைகளில் பார்த்ததுதான்.

நாள் 65. காலை 9.40

எல்லோருடைய எச்சிலையும் சோதித்தேன். நிக்கோட்டின் உடைந்து உண்டாகும் பொருள் மிச்சமுள்ள இருபத்தொரு பேரிடமும் இருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல. நாளுக்கு இரண்டு பாக்கெட் ஊதுபவனிடம் இருக்கும் அளவு. என்னிடம் பூஜ்யம்.

பெட்டிகள், படுக்கைகள், காற்று வடிகட்டிகள் அனைத்தையும் சோதிக்கச் சொன்னேன். ஒரு துண்டு பீடிகூட இல்லை. வடிகட்டியில் புகையின் சுவடே இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. பொது ஒலிபெருக்கியில் பேசினேன். என் சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்:

“நீங்கள் அனைவரும் பொய்யர்கள். உச்சிமாகாளி தன் சாவைத் தானே ஊதிக்கொண்டான். இன்றே பூமிக்கு அறிக்கை அனுப்புகிறேன். ஒருவருக்கும் இழப்பீடு கிடைக்காமல் பார்த்துக்கொள்வேன்.”

பதில் பேச்சிமுத்துவிடமிருந்து வந்தது.

“யாரப் பாத்து பொய்யன்னு சொல்லுதிய? செத்தவன் வாயில மண்ணள்ளிப் போடுதியளா? நீங்க அறிக்கை அனுப்புங்க பாப்போம். எப்படி அனுப்புதியன்னு நானும் பாக்கேன்.”

நாள் 65. காலை 10.30

தொடர்பு அறையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். பாறை உடைக்கும் சுத்தியல்கள். பூமியோடு பேசும் கருவி எதுவும் மிச்சமில்லை. தடுக்கப் போன மேற்பார்வையாளர் நல்லசிவனின் முகத்தில் ஓர் அடி. பலமான அடிகூட அல்ல. கீழ்த்தாடைத் திருகுகள் இரண்டும் தரையில் தெறித்து உருண்டதாகச் சொன்னார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் தங்கள் வாயைத் தாங்களே சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், குறடு வைத்து. சாப்பாட்டு அறையிலிருந்து அலறல் கேட்கிறது. இதுவரை ஐவர் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒருவனுக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவ அறைக் கதவைத் திறக்கிறேன், உன்னைத் தூக்கி வரட்டும் என்று உள்தொடர்பில் சொன்னேன். வர மறுத்துவிட்டான்.

நான் உள்ளே பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 65. பகல் 2.15

கிடங்குப் பொறுப்பாளர் ஜெபசிங் உள்தொடர்பில் அழைத்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுபவர்.

“டாக்டரம்மா, கோவப்படாதிய. ஒண்ணு கேக்கேன். பயலுவ பொய் சொல்லல. ஒருத்தனும் ஊதல. அந்தச் சுயிங்கம்மத்தான் மென்னுக்கிட்டிருக்கானுவ.”
“எந்தச் சுயிங்கம்?”
“நிக்கோட்டின் கம். நீங்கதான எழுதிக் குடுத்திய? தேவைக்கேற்பக் கொடுக்கவும்னு போட்டிருக்கு, உங்க கையெழுத்தோட. கேக்கக் கேக்கக் குடுத்தேன். ஆளுக்கு இருவது, இருவத்தஞ்சு போவுது. இங்க வேற என்னம்மா இருக்கு மெல்லுததுக்கு?”

சிகிச்சை விதிப் புத்தகத்தை எடுத்தேன். நான் எழுதியது. எட்டாம் பக்கம், மூன்றாம் வரி: புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு ஏக்கம் தணிய நிக்கோட்டின் மெல்லுபசை தேவைக்கேற்பக் கொடுக்கலாம்.

இருபது நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தக்குழாயைச் சுருக்குவது நிக்கோட்டின். எலும்பு கட்டும் செல்களை முடக்குவதும் அதுதான். வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியவள் நான். ஆனால் எனக்குப் பகை புகை மட்டும்தான். கிளாரன்ஸின் இருமலை முப்பத்தொரு ஆண்டுகள் கேட்டவளுக்கு, புகை இல்லாததெல்லாம் மருந்தாகத் தெரிந்திருக்கிறது.

கை நடுங்கவில்லை. கை சரியாகத்தான் இருந்தது.

நாள் 66. காலை 7.50

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. என்ன நடந்தது என்று ஜெபசிங்குக்கே புரியவில்லை. ஆனால் பதினைந்து பேரின் திருகுகள் இன்னும் இடத்தில் இருக்கின்றன. அவர்களில் பத்துப் பேரின் எலும்பைக் காப்பாற்றலாம். மெல்லுவதை இன்றே நிறுத்த வேண்டும், குறடு வைத்துப் பிடுங்கக் கூடாது, தொண்ணூறு நாள் வெளியே போகக் கூடாது. காரணம் சொல்லாமல் நான் எதைச் சொன்னாலும் இனி அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. பூமியில் பயிற்சி முகாமில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இதே புத்தகப்படி, இதே எட்டாம் பக்கப்படி, தொண்ணூறாம் நாள் அவர்களுக்கு அறுவை தொடங்கும். சொல்லி நிறுத்தக் கருவி இல்லை. அதை நான் உடைக்க வைத்தேன்.

நாள் 66. காலை 8.20

ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது என்றேன். உச்சிமாகாளியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். மெல்லுவதைத் துப்பச் சொன்னேன்.

 பிறகு பேச்சிமுத்து:

“அப்போ எங்க எல்லாத்து வாயிலயும் விஷத்த வச்சது நீங்க. பொய்யன் நாங்க. நல்லாருக்கு தாயே. கதவத் தொறக்கியளா, ஒடைக்கட்டுமா?”
“நான் சொன்னதைச் செய்யுங்கள். பிறகு உடையுங்கள்.”
“இப்பமும் பொய்தான் சொல்லுதிய. கை நடுங்குன கதைய மறைக்கதுக்குக் கம்மு கதை. கம்மு மெல்லாத ஒங்க வாயிலயும் நாலு இருக்குல்லா? கொறடு கொண்டாரேன். அதும் கழண்டு வந்துச்சுன்னா, கம்மு கதை பொய்யின்னு தெரிஞ்சிரும்.”

கதவில் துளைக்கருவியின் சத்தம். மேசையை நகர்த்தவில்லை. அவன் கேட்பது முறையான சோதனை.

நாள் 66. நேரம் சரியாகத் தெரியவில்லை. கடிகாரம் உடைந்துவிட்டது.

பேச முடியாது. எழுதுகிறேன்.

நால்வர் பிடித்துக்கொண்டார்கள். பேச்சிமுத்து குறடு போட்டான். குறிப்பு:

ஒப்பீட்டு ஆள்: ஒருவர். பெண். வயது 71. நிக்கோட்டின் இல்லை.
மேல் வலது திருகு: முறுக்கி இழுக்கப்பட்டது. அசையவில்லை.
மேல் இடது: அசையவில்லை. பக்கத்துப் பற்கள் இரண்டு நொறுங்கின.
கீழ் இடது: காலை என் மார்பில் ஊன்றி இழுத்தான். தாடை எலும்பு முறிந்தது. கேட்டேன். முறிந்த துண்டில் திருகு நின்றது. எலும்பு விடவில்லை.

விடவில்லை.

நான்காவதை அவன் தொடவில்லை. குறட்டைப் பார்த்தபடி நின்றான். உள்தொடர்பு திறந்திருந்தது. அது பதிவு செய்தது:

“ஏல, அசையலல. கெழவிக்கு அசையல.”
“விடுண்ணே, செத்துரும்.”
“துப்புங்கல. எல்லாவனும் துப்புங்க. வாயில இருக்கத இப்பவே துப்பு. ஜெபசிங்கக் கூப்புடு, பெட்டி பூராத்தையும் வெளிய எறியச் சொல்லு. துப்புல!”

பிறகு அவன் தரையில் உட்கார்ந்து தன் தம்பியின் பெயரைச் சொல்லி அடித்துக்கொண்டான். என் கட்டிலுக்கு அருகேதான். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். போகவில்லை. ரத்தத்தைத் துடைக்கிறான். துடைக்கத் தெரியவில்லை.

நாக்கின் அடி வீங்குகிறது. தொண்டை அடைக்கும். ஒரு மணி நேரம். குறைவாகவும் இருக்கலாம். தொண்டையில் துளை போட இங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆளில்லாச் சரக்குக் கலம் எழுபத்தொன்றாம் நாள் வந்து திரும்பும். எலும்பு மாதிரிகள் இருக்கும் பெட்டியில் இந்த நோட்டை வைக்கச் சொல்லிப் பேச்சிமுத்துவிடம் எழுதிக் காட்டினேன். தலையாட்டினான். உச்சிமாகாளியின் நான்கு திருகுகளையும் வையுங்கள் என்று எழுதினேன். திருகோடு முறிந்த என் தாடைத் துண்டையும். அது சான்று.

பூமியில் இதைத் திறக்கும் மருத்துவக் குழுவுக்கு:

கான்வென்டில் சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு ரப்பர் தரமாட்டார். தவறான வரியை அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோடு. மேலே சரியானது. ஓரத்தில் தவறு செய்தவளின் பெயர், தேதி.

எட்டாம் பக்கம், மூன்றாம் வரிக்குக் கோடு போடுங்கள். மேலே எழுதுங்கள்: எந்த வடிவிலும் நிக்கோட்டின் கூடாது. ஓரத்தில் எமரன்சியா கர்டோஸா என்று போடுங்கள். எழுத்துப் பிழை வேண்டாம்.

நாற்பது பேருக்கும் அறுவைக்கு முன் எச்சிலைச் சோதியுங்கள்

பேச்சிமுத்து மேல் வழக்கு வேண்டாம். சோதனை சரியாகச் செய்தான். கை நடுங்கி

மூச்சு

வரி மாற்றப்பட்டது என்பதை எழுத்தில், இந்தச் சுரங்கத்தின் மருத்துவ அறை முகவரிக்கு, பதிலாக அனுப்புங்கள்.