வடிகட்டிக்கு ஒரு படி பொரி

ராஜகீழ்ப்பாக்கம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தீபாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் இங்கே சௌக்கியம், கத்திக் கத்திப் போன என் தொண்டை மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சௌக்கியமாக இருக்கத் திருநீர்மலைப் பெருமாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பிரசன்னா ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறானாம், பார்சலோடு இதையும் அவன் பெட்டியில் திணித்துவிடுவேன். முழுசாகப் படி.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரம் போட்டு மூடிய கிணறு ஒன்று உண்டே, அதைத் தூர்த்து வேன் நிறுத்த இடம் பண்ணப்போகிறேன் என்று கரஸ்பாண்டென்ட் ஜெயவேலு சார் ஒற்றைக்காலில் நின்றார். கோடை முழுக்க லாரித் தண்ணீரில் பள்ளிக்கூடம் ஓடுகிறது, இருக்கிற கிணற்றையும் மூடுவார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது. மாடியில் விழுகிற மழைத்தண்ணீரைக் கிணற்றில் விடுகிறோம், என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள் என்று போய் நின்றேன். சரி டீச்சர், மொத பெரிய மழைக்கு உள்ள தண்ணி எறங்கலன்னா அப்பால நீங்க வாயே தொறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெரிசாகத் தலையாட்டிவிட்டு வந்தேன், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பிள்ளைகளை நீ பார்த்திருக்க வேண்டுமடி! நீர்ச் சுழற்சி படம் வரையச் சொன்னால் கொட்டாவி விடுகிற கூட்டம், கையில் ஜல்லியையும் மணலையும் கொடுத்ததும் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்கவில்லை. முதலில் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை ஊற்றினோம், அது தெளிந்து சொட்டியபோது ஒரே விசில். பிறகுதான் பெரிய நீல டிரம்மில் ஜல்லியும் மணலும் நிரப்பி மேலே வலை கட்டினோம், மாடிக் குழாய் டிரம்முக்கு வரும், அங்கிருந்து கிணற்றுக்குப் போகும். ஓவியா என்று ஒரு பெண், பிளம்பரையே மேய்த்துவிட்டாள். வகுப்பிலேயே பெரிய வாலு விக்கி, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல்லைக் கட்டித் தண்ணீர் எந்த முடிச்சில் நிற்கிறது என்று தினமும் பார்த்தான்.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்கும் வேனுக்கும் பொட்டு வைத்தார்கள், நம்ம டிரம்முக்கு மட்டும் கிடையாதா மிஸ் என்று ஓவியா கேட்டாள். வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா என்று சொல்லிவிட்டு நான் சுண்டல் வாங்கப் போய்விட்டேன்.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குடையை வீசிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை! டிரம் வழிந்து வராந்தாவில் ஓடி ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. மழை எப்படியும் என்னைக் கைவிடும் என்று, கிணற்றைத் தூர்க்கச் சார் முன்கூட்டியே சொல்லிவைத்த கட்டட இடிபாட்டு லாரியும் கேட்டில் வந்து நிற்கிறது. அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து, இன்னா டீச்சர், கெணத்துல வுடறேன்னு சொல்லி என் ரூமுல வுட்டுக்கினு கீறீங்க என்றார். ஓவியா அழ ஆரம்பித்துவிட்டாள், எனக்கும் கண்ணீர்தான், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

விக்கி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினான். கை நிறையக் கொழகொழவென்று வெள்ளையாக ஏதோ வந்தது, நடுவில் சாமந்தி. என்னடா இது என்றால், பொரி! டிரம்முக்கும் பசிக்குமில்ல மிஸ் என்று ஆளுக்கொரு கையாக ஒரு படிப் பொரியைப் படைத்திருக்கிறதுகள். லீவு நாள் தூறலில் ஊறிக் கூழாகி வலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா சொல். எல்லோருமாக வாரி வாரி வெளியே போட்டோம், நானும்தான், புடவையெல்லாம் பொரி. திடீரென்று கிணற்றுக்குள் தடதடவென்று ஒரு சத்தம் பாரு, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது!

மணி அடிக்கும்வரை யாரும் நகரவில்லை, சாரும்தான். கடைசியில் கயிற்றை விக்கியிடமிருந்து பிடுங்கி அவரே இறக்கிப் பார்த்தார், தண்ணீர் ஒரு முடிச்சு மேலே ஏறியிருந்தது. நேரே கேட்டில் நின்ற லாரியிடம் போனார். டிரைவரிடம், கெணத்தாண்ட வாணாம்பா, இந்தக் கேட்டாண்ட பள்ளத்துல கொட்டிட்டுப் போ என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சல் கேம்ப் ரோடுவரை கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்து, அடுத்த வருசம் பொரியைப் பசங்க வாயில போடுங்க டீச்சர் என்றும் சொன்னார்.

இப்போது ஓவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று நம் வீட்டுக்கே வந்து, அங்கிள், உங்க மாடித் தண்ணி தெருவுக்குத்தான் போவுது, அசிங்கமா இல்லியா என்று உங்கப்பாவைக் கேட்டுவிட்டாள். ரோஷம் வந்து மனுஷன் காலையிலிருந்து ஏணியில் நிற்கிறார், காபிகூட மேலேதான்.

நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, மாப்பிள்ளை இருமலுக்கு மிளகு ரசம் வை. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். பார்சலில் ஆயுத பூஜைப் பொரி இருக்கிறது, நமுத்துப்போவதற்குள் தின்றுவிடு. மீந்தால் பறவைக்குப் போடு, மறந்துபோய்ச் சமையலறை சிங்க்கில் மட்டும் கொட்டிவிடாதே, அம்மா அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
தனக்கோடி