பேச்சியம்மாள் வயலுக்குப் பழைய தேதி

பிப். 24, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பதுக்கு மேல்தான் வெயில். வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க ஆள் வரவில்லை, மூன்றாம் நாள்.

சேரன்மகாதேவி விவசாயிகள் சங்கத்துக்குப் பட்டியல் கொடுத்து இரண்டு நாள். 63 வயல், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் அறுப்புக்கு ஆகும் என்று. பிசானப் பருவத்து நெல். வெளியூரிலிருந்து அறுப்பு மெஷின் இரண்டு, வியாழன் காலை வருகின்றன. என் பட்டியல் வரிசைப்படி வயலில் இறங்கும்.

மதியம் சங்கச் செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி போன். பட்டியலில் முதல் பெயர் பேச்சியம்மாள். போனை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டார்.

"பாதிக் கதிரு பச்சையா நிக்கு சார். நகத்தால அமுக்குனா நசுங்குது. நாளன்னைக்கு அறுக்கச் சொல்லுதீய. கம்ப்யூட்டரு வயலப் பாத்துச்சா, இல்ல சும்மா சொல்லுதா?"

பார்க்கிறேன் என்றேன்.

கம்ப்யூட்டரில் நான் போட்ட கணிப்புக்கு அடிப்படை போன வருடத்து 212 வயல்களின் விவரம். நடவுத் தேதி, ரகம், கால்வாய்த் தண்ணீர் வந்த நாட்கள், கதிர் முற்றிய தேதி. எடுத்துக் கொடுத்தது நான் விட்டு வந்த கல்லூரியின் புள்ளியியல் துறை. துறைத் தலைவர் டேனியல். (இனி டே. முழுப் பெயர் எழுத மை வீண்.) என்னைவிட ஏழு வருடம் இளையவன். எனக்கு வர வேண்டிய நாற்காலி. விவரத்தைக்கூட அண்ணாச்சிக்குத்தான் அனுப்பினான், எனக்கல்ல.

சந்தேகம்: தரவிலேயே கோளாறு. தெரிந்தே கொடுத்தானோ?

பிப். 25, புதன்

சரிபார்த்தவை:
நடவுத் தேதிகள் - சரி.
ரகங்கள் - சரி. புதிய ரகம் எதுவும் இல்லை.
விடுபட்ட கட்டம் - இல்லை.
போன வருடத்து வயல்களுக்கே கணித்துப் பார்த்தது - ஒன்றிரண்டு நாள் வித்தியாசம், அவ்வளவுதான்.

டே.யின் தரவில் குற்றம் இல்லை. ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனால் இதைப் பார்த்து முடிக்கும் முன்பே, பத்து மணிக்கு, அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்: அவர்கள் கொடுத்த விவரமே தப்பு என்று. "அப்படியா" என்றார்.

சாப்பிடும்போது மனைவி கிரேஸிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "மெஷின நிறுத்தச் சொன்னீங்களா, இல்ல டேனியல் சாரத் திட்டுனது மட்டுந்தானா?"

திட்டியது மட்டும்தான். ரசத்தில் உப்பு அதிகம்.

மாலை 4. கடைசி முயற்சி. பேச்சியம்மாள் வயலை மட்டும் தனியாகக் கொடுத்தேன். ஒரு வயலுக்கு 212 தேதி வந்தது. நடவுத் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தேன். அதே 212.

அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் எச்சரிக்கையைத் திறந்தேன். (சிவப்பு எழுத்து கண்ணை உறுத்தும் என்று எப்போதும் அணைத்து வைப்பேன்.) இருந்தது: புதிய தரவில் ஒரு வரி, கணக்கு எடுத்துக்கொண்ட மாறிகளில் (நடவு, ரகம், தண்ணீர்) 212 வரி. ஞாயிற்றுக்கிழமையும், ஒன்றுக்குப் பதில் 63 என்று, இதைத்தான் சொல்லியிருக்கும்.

4.40. தப்பு நான் எழுதிய நிரல் வரியில்தான். சூத்திரத்துக்குள் ஒவ்வொரு மாறியின் முன்னும் பழைய அட்டவணையின் பெயரைக் கட்டிவைத்திருக்கிறேன். பிறகு எந்தப் புது வயலைக் கொடுத்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. பழைய அட்டவணையிடமே போய்க் கேட்கும். வந்த 212 தேதிகளை ஒட்டி, பெயர் இருந்த 63 வரிகளை மட்டும் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரோ ஒருவர் வயலில் போன வருடம் கதிர் முற்றிய தேதி பேச்சியம்மாளுக்கு.

அட்டவணைப் பெயரை எடுத்தேன். 63 வயல், 63 தேதி. பேச்சியம்மாள்: மார்ச் 10. முதல் பெயர் இப்போது இசக்கி.

உடனே அண்ணாச்சிக்கு. தப்பு என்னுடையது, கல்லூரிக்காரர்கள் கொடுத்தது சரி என்றேன்.

"தப்பு யாரு பக்கம்னு நான் கேட்டனாவே? நாளைக்கு எவன் வயல்ல எறங்கணும், அதச் சொல்லும்."

பிப். 26, வியாழன்

ஆறரை பஸ். ஏழேகாலுக்கு மெஷின் இசக்கி வயலில் இறங்கியது. நெல்லைக் கடித்துப் பார்த்தேன். நறுக்கென்று உடைந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பேன்ட் முழுக்கச் சேறு. பரவாயில்லை.

பேச்சியம்மாள் வந்தாள். பத்தாம் தேதி என்றேன்.

"நானும் பத்து கிட்டத்தான் நெனச்சேன். அப்பம் கம்ப்யூட்டரு வயலப் பாத்துட்டுன்னு சொல்லும்."

மெஷின்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிப். 27, வெள்ளி

பல மாதத்துக்குப் பிறகு ஏழரை வரை தூக்கம். மோட்டார் ஆள் வந்தான். ஓடுகிறது. இரண்டு மெஷினும் ஓடுகின்றன, புகார் இல்லை.

தோசை வைத்துவிட்டு கிரேஸ் கேட்டாள், அந்த வரியில் அப்படி என்னதான் தப்பு என்று. சொன்னேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்: "டேனியல் சார் புதுசா வேலைக்குச் சேந்தப்ப செஞ்சதும் இதுதான? பிள்ளைங்க முன்னால சிரிச்சது பத்தாதுன்னு, வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

ஆய்வகம். முப்பது மாணவர்கள். கரும்பலகையில் அவன் எழுதிய அதே வரி. அவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். இதை நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எழுதி வைத்ததில்லை. நாற்காலிக் கதை மட்டும் எத்தனை பக்கம்.

11.20. டேனியலுக்கு போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான். நடந்ததை முழுக்கச் சொன்னேன், அண்ணாச்சியிடம் அவன் தரவைக் குறை சொன்னதையும்.

சிரித்தான். நான் அன்று சிரித்த அளவுக்கு இல்லை.