மணி அடித்தால் அணையும் அடுப்பு

பழவேற்காடு
12-2-1957

அன்பு மகன் அமானுல்லாவுக்கு வாப்பா நூர் அகமது எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் உம்மாவும் உன் மனைவி நசீம் பானுவும் சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொல்ல வேண்டியது நிறைய இருப்பதாலும் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தாலும் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன். ஆபீஸ் குமாஸ்தா புத்தி போகவில்லை என்று சிரிக்காதே.

1. வீட்டுச் செய்தி.
2. நீ கேட்டிருந்த கேள்வி.
3. பட்டணத்தில், நீ அங்கே வேலை பார்ப்பது போன்ற நெருப்பணைக்கும் ஸ்டேஷனில் நான் பார்த்தது.
4. நசீமின் பொருட்டு நீ வேலையை விட்டு ஊருக்கு வருவதே சரி என்பது.
5. உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஏரியில் இறால் நன்றாக விழுகிறது, உன் உம்மா உன்னை நினைத்து நினைத்துச் சமைத்துவிட்டு யாருக்கு இவ்வளவு என்று என்னைக் கோபிக்கிறாள். மழையில் ஒழுகிய பின்கட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் நடக்க முடிகிறது.

இனி நீ கேட்டது. புகைக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வரும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொள்ள உன் அதிகாரி விரும்புகிறார், வாப்பா சம்மதித்தால் சேர்கிறேன், இல்லையென்றால் வேலையையே விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன், மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதே வாரம் உன் மாமனார் மொய்னுதீன் வந்தார். கும்மிடிப்பூண்டியில் தன்னுடைய இரும்புக் கடையில் உனக்குப் பங்கு தருவதாகவும், மருமகன் நெருப்பில் குதித்துப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னார். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது, தெரியாத ஒன்றைப் பற்றிச் சம்மதம் என்றோ கூடாது என்றோ எப்படி எழுதுவது? மண்ணடியில் ஒரு கல்யாணத்துக்காக மூவரும் போனவாரம் பட்டணம் போயிருந்தோம். உன்னோடு பொன்னேரியில் படித்த ஆரம்பாக்கத்துப் பாக்கியராஜ் அங்கே ஒரு ஸ்டேஷனில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை அவனைத் தேடிப் போனோம். அவனுடைய மனைவி மேரி உன் உம்மாவையும் நசீமையும் பின்பக்கத்தில் ஸ்டேஷன் ஆட்களின் குடும்பங்கள் இருக்கும் வீட்டு வரிசைக்கு அழைத்துப்போய்விட்டாள். நான் முன்பக்கம் பார்த்தேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன் என்று தெரியும், ஆனாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்க்க வேண்டும். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேஷன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமை ஸ்டேஷன். உயர்ந்த மாடிகளுக்கான நீள ஏணி வண்டி எல்லா இடத்திலும் இல்லை, தேவைப்பட்டால் தலைமை இடத்திலிருந்து வரும். தெருக்குழாய் இல்லாத இடங்களுக்குத் தண்ணீர் லாரி போகும். ஒரு ஸ்டேஷன் வண்டி வெளியே போய்விட்டால் அந்தப் பகுதி காலியாகக் கிடக்கக் கூடாது என்று பக்கத்து ஸ்டேஷன் வண்டி ஒன்று அங்கே வந்து நிற்குமாம். இதை யோசித்து ஏற்படுத்தியவர் யாரோ, அவருக்கு ஸலாம் சொல்லத் தோன்றியது. வண்டியில் ஒவ்வொருவனுக்கும் இன்ன இடம் இன்ன வேலை என்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது. டிரைவர்தான் பம்பை ஓட்டுகிறவன், ஒருவன் தெருக்குழாயைத் திறக்க, இருவர் தண்ணீர் பாய்ச்சும் துணிக்குழாயை விரித்துக்கொண்டு ஓட, தலைவர் மட்டும் முதலில் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பூட்சுக்குள் கால்சட்டையைச் சுருட்டி நிறுத்தியிருக்கிறார்கள், காலை விட்டு இழுத்தால் இரண்டும் ஏறிவிடும். இதையெல்லாம் பாக்கியராஜ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அவன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிக்கு ஓடினான். ஆட்கள் மாடியிலிருந்து கம்பத்தில் சறுக்கி இறங்கி வந்தார்கள், டெலிபோன் அறைக்காரர் ஒரு துண்டுச் சீட்டைத் தலைவர் கையில் திணித்தார், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் வண்டியைக் காணோம். டெலிபோன் அறைக்காரர் பெயர் சின்னராசு, என்னைப் பார்த்து, "இன்னா பெரியவரே, சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கினு நிக்கறீங்க, நெருப்பு இங்க இல்ல, சவுக்குத் தொட்டியில" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது.

விறகுத் தொட்டி நெருப்பு சிறியதுதான் போலிருக்கிறது, மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள். பிறகு பாக்கியராஜிடம் உன் கேள்வியைக் கேட்டேன். புகைக்குள் யாரையும் தனியாக விடுவதில்லை, முகமூடி போட்டு இடுப்பில் கயிறு கட்டித்தான் அனுப்புவார்கள், வெளியே ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான், இத்தனை இழுப்பு என்றால் இன்ன அர்த்தம் என்று உண்டு என்றான். நிற்பவனுக்குக் கவனம் தப்பினால் என்று கேட்டேன். "பக்கத்துல கூரை வுழுந்தாலும் அவன் திரும்பிப் பாக்கக் கூடாது ஐயா. கவுறுதான் அவனுக்குக் கண்ணு" என்றான். ஆகவே உன் கேள்விக்கு என் பதில் சம்மதம்தான் என்று எழுதியிருப்பேன். உன் கயிற்றைப் பிடிப்பவன் யார் என்பதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள், அவனோடு மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே. ஆனால் எனக்குத் தைரியம் வந்தால் போதாது, நசீமும் இருக்கிறாளே என்றுதான் நான்காவதை வைத்தேன்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை, அவள் சொல்வதை உன் உம்மா வந்து என்னிடம் சொல்வாள். நீ கேட்டு எழுதியதிலிருந்து நசீமுக்குத் தூக்கம் இல்லை, நீ கூட இருந்தால்தான் தூங்குவாள் என்று உம்மா சொன்னாள். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று எண்ணினேன். இன்று இதுவரை எழுதியதை, வழக்கம்போல் உன் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான்காவதை ஆரம்பிக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து நசீம் பேசினாள். அவள் குரல் என்னை நோக்கி வந்தது இதுதான் முதல் தடவை.

"மாமா, எனக்காகன்னு எழுதாதீங்க. நெருப்புக்கு நான் பயப்படல. இங்க இருந்தா அவரு இருக்காரா இல்லையான்னு தபால்காரன் வந்துதான் எனக்குச் சொல்லணும். மேரி அக்கா ஊட்டுல மணி கேட்டதும் வரிசையில எல்லா அடுப்பயும் தண்ணி ஊத்தி அணச்சிட்டு வாசல்ல வந்து நின்னுட்டாங்க. வண்டி திரும்பினதும் அவங்கவங்க ஆளப் பாத்துட்டு, திட்டிக்கினே மறுபடி பத்த வெச்சாங்க. நானும் அப்படி நிக்கறேன். அங்க ஊடு கேக்கச் சொல்லுங்க."

அந்த அடுப்பு விஷயத்தை மேரி சொன்னபோது உம்மாவும் கேட்டிருக்கிறாள். முன்பு ஒரு தடவை பெண்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடிவிட, நெருப்பணைக்கப் போனவன் வீட்டிலேயே நெருப்புப் பிடித்ததாம், அதிலிருந்து இந்த வழக்கமாம். உம்மா என்னிடம் பொய் சொல்லவில்லை. நீ கூட இருந்தால் தூக்கம் வரும் என்றுதான் நசீம் சொன்னாள், எந்த ஊரில் என்பதை உம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு மகன் அருகில் வேண்டும், அதைக் குற்றம் என்று நான் எப்படிச் சொல்வேன்? உம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு, "பம்பாயில மழ ஜாஸ்தியாமே, கம்பளி நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு" என்றாள். நசீமோடு அனுப்ப இன்னொன்று வாங்குகிறேன் என்றேன்.

ஐந்தாவது. நெஞ்சில் புகை ஏறினால் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டு, வெந்நீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. மாமனாருக்கு மரியாதையாக நீயே எழுது, கடைக்கு நன்றி சொல். அந்தக் குழுவில் சேர எனக்குச் சம்மதம், ஸ்டேஷன் வீட்டுக்கு உடனே மனுப் போடு, கிடைத்த தேதியைத் தெரிவித்தால் நசீமை நானே கொண்டுவந்து விடுகிறேன். அல்லாஹ் உன்னையும் உன் கயிற்றைப் பிடிப்பவனையும் காப்பாற்றட்டும்.

காகிதத்தை மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது. மேலே வரிசையில் நான்காவதாகப் போட்டிருப்பது தவறு. அந்தப் பெண்ணைக் கேட்காமல் அவள் பெயரில் எழுதிவிட்டேன். நீயே அதை அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் நலம் வேண்டும் வாப்பா,
மு. நூர் அகமது