இடது மூலைக்கு யாரும் வரவில்லை

என் ஆசை மாப்பிள்ளை தேவராஜுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து யானை மாதிரி வருகிறது, அடுத்தது எறும்பு மாதிரி. கோடு போட்ட தாளில் எழுதியும் வரி மேலே ஏறிக்கொண்டு போகிறது. ஆனாலும் இது என் கை எழுதியது, மாப்பிள்ளை. ரயில்வேயில் கைநாட்டு வைத்தே ரிட்டையர் ஆன கிழவன் இப்போது மாலை வகுப்புக்குப் போகிறேன். நீங்கள் கண்ணை மூடுகிற வரைக்கும் எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள். உங்களுக்கே நான் எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பு தாங்கவில்லை.

விஜயா எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா?" என்று கேட்டாள். "உன் வூட்டுக்காரருக்கு" என்றேன். தாள் பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டுப் போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்குத் தாம்பரத்தில் உங்கள் கபடி கிளப் அறையில் நாலு படம் மாட்டியிருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு படத்துக்குத்தான் இடம். நாலு பேரும் 'கபடி கபடி' என்று பாடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தவர்கள். பிடிக்கிறவன் ஒருவன்கூட அந்தச் சுவரில் இல்லை. ஐந்தாவதாக உங்கள் படம் வரவேண்டும் என்று தலைவர் வரதன் சொன்னார். செயலாளர் பாஸ்கர் கூடாது என்றான். அவனுக்கு அந்த இடத்தில் தன் படம் வரவேண்டும் என்ற ஆசை. இந்த முறை விட்டால் உங்களுக்கு அந்தச் சுவரில் இனி இடமே கிடையாது.

கிளப் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கபடிக் களத்தில் நடுக்கோட்டில் நின்று ஒரே மூச்சில் பேச வேண்டும். மூச்சு விட்டால் பேச்சு முடிந்தது. பிறகு சரி என்கிறவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் மறுபக்கம் போய் நிற்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் கூடினோம். வீட்டார் என்று எனக்கும் ஒரு மூச்சு கொடுத்தார்கள்.

பாஸ்கர் முதலில் வந்தான். "தேவராஜு நல்ல ஆளு, நம்ம தோஸ்த்து, யாரு இல்லன்னது? ஆனா கப்பு எப்டி வந்துச்சு? உள்ள போய் தொட்டுக்கினு வந்தவனாலதான் வந்துச்சு. இவன் மூலைல குனிஞ்சிக்கினு நின்னான். பாதி ஆட்டத்துல ஒருத்தனக்கூடப் புடிக்கல. சும்மா நின்னதுக்கெல்லாம் மாலை போட்டா, நாளைக்கு லைட்டுக் கம்பத்துக்கும் போடணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். உங்களோடு ஆடியவர்களும் சிரித்தார்கள், மாப்பிள்ளை.

அடுத்தது நான். நடுக்கோட்டில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தேன். "என் மாப்புள்ளய நான் மொதல்ல பாத்தது பொண்ணு பாக்க வந்தப்ப இல்ல, சேலையூர் டோர்னமெண்ட்ல. அப்ப ஒருத்தன் கணுக்கால ஒரே கையால புடிச்சாரு பாருங்க, அந்தக் கைய..."

மூச்சு போய்விட்டது. "மாமா அவுட்டு!" என்று எவனோ கத்தினான். அந்தக் கையைப் பார்த்துத்தான் என் பெண்ணைக் கொடுத்தேன் என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்ல முடியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நம் குடும்பத்துக்கே பாட்டு வராதோ?

பிறகு பாஸ்கர் பெருங்களத்தூர் முனுசாமியைக் கூப்பிட்டான். உங்களோடு எத்தனையோ ஆட்டம் மோதிய அதே லெஃப்ட் முனுசாமிதான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்ததே பாஸ்கர்தான்.

"முன்சாமி, நீயே சொல்லு. இத்தினி வருஷத்துல தேவராஜு உன்ன எத்தினி வாட்டி புடிச்சான்?"

"ஒரு வாட்டியும் இல்ல" என்றான் முனுசாமி.

பாஸ்கர் கையை விரித்து எல்லோரையும் பார்த்தான். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். விஜயாவிடம் போய் என்ன சொல்வது?

முனுசாமி நகரவில்லை. நடுக்கோட்டுக்கு வந்து மூச்சை இழுத்தான். "அவன் மூலைக்கு நான் போனாத்தானே புடிப்பான்? என்ன எல்லாரும் லெஃப்ட்டு லெஃப்ட்டுன்றாங்க. நான் இன்னா பொறக்கும்போதே லெஃப்ட்டா? உங்க ஆளு நின்ன இடது மூல, எதிர்ல வர்ற எனக்கு வலப்பக்கம். அதுக்குப் பயந்து எதிர் மூலைக்கு ஒதுங்குனேன், அதுவே பழக்கமாயி, பேராவும் நின்னுச்சு. நான் மட்டுமா? வந்தவன் எல்லாரும் அந்தாண்டையே ஒதுங்குனான், அங்க நீங்க ஆறு பேரு கும்பலா காத்துக்கினு இருந்தீங்க. பாதி ஆட்டம் பாதிக் களத்துலதான் நாங்க ஆடுனோம். கப்பு உங்களுக்கு வராம யாருக்கு வரும்?" சொல்லி முடித்த பிறகும் அவனிடம் மூச்சு மீதி இருந்தது.

ஏன் மாப்பிள்ளை, இதை நீங்கள் ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லையே? யாரும் வராத மூலையில் அவ்வளவு நேரம் குனிந்து நின்றீர்களே, சலிப்பாக இருக்காதா?

பாஸ்கர் விடவில்லை. "பயந்தவன் பேச்ச வச்சி படம் மாட்டுவாங்களா? சரி, கோட்டுக்கு வாங்க" என்றான். எல்லோரும் பிரிந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இன்னும் பக்கம் சேராதவன் பாஸ்கர் ஒருவன்தான். கோட்டின்மேல் நின்றான். அவன் எந்தப் பக்கம் போவான் என்று கேட்கவா வேண்டும்?

முனுசாமிதான் அவனை நிறுத்தினான். "டேய் பாஸ்கரு, தெனம் சாயங்காலம் அவனோட பிராக்டீஸ் பண்ணியே. அந்த மூலைக்கு நீ எத்தினி வாட்டி போன?"

பாஸ்கர் குனிந்து தன் கணுக்காலைத் தடவினான்.

"ஒரு வாட்டி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? ரெண்டு வாரம் நொண்டுனேன்!"

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே நம் பக்கம் வந்து என் தோளில் கை போட்டான். "மாமா, அழுவாத மாமா, பேஜாரா கீது" என்றான். நான் அழவேயில்லை மாப்பிள்ளை. அவன் கண்தான் கலங்கியிருந்தது.

இப்போது ஒரு சிக்கல். உங்கள் முகம் தெரிகிற ஆட்டப் படம் ஒன்றுகூட இல்லை. இருக்கிற ஒரே படத்திலும் குனிந்து எவனோ ஒருவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைமுடியும் ஒரு காதும்தான் தெரிகிறது. கல்யாணப் படத்தைக் கேட்டு வரதன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

விஜயா கொடுக்கவில்லை. "அது என்னப் பாத்து சிரிச்சது சார், அத தர மாட்டேன். குனிஞ்சி நிக்கிறதையே மாட்டுங்க. அந்தாண்ட நின்னவங்க அப்படித்தான் அவரப் பாத்திருப்பாங்க" என்றாள். வரதன் சரி என்று தலையாட்டிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை படம் மாட்டுகிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்த அறை வாசலைக்கூட மிதிக்காத உங்கள் பெண்டாட்டி, தானே மாட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன், அவள் ஏறுவாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை அடுத்த வாரம், எழுதி முடிக்க எத்தனை நாள் பிடித்தாலும், ஒன்று விடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்குப் பெண் கொடுத்த மாமா,
முருகேசன்