கதவு மட்டும் இருக்கும் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். காட்டுத்தீ எங்கள் விடுதிப் பக்கம் வரவில்லை. புகைக்காகப் பள்ளிக்கு விடுமுறை, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி, அவ்வளவுதான்.

பழைய கதவுகளாகப் படம் எடுத்துச் சேர்க்கிறேன் என்றேனே, அதில் எங்கள் விடுதிச் சமையல்கார அக்காவின் வீட்டுக் கதவும் உண்டு. “கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, மறைக்குது” என்று அன்று அவரையே ஒதுக்கிவிட்டேன். செவ்வாயன்று அந்த வீடு எரிந்துவிட்டது. அக்கா பத்திரமாக எங்களோடு தங்கியிருக்கிறார். வீட்டின் வேறு படம் எதுவும் அவரிடம் இல்லையாம். நேற்று என் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

“தாழ்ப்பாள் துரு வரைக்கும் தெரியுது. வீடு எங்கடி?” என்று சிரித்தார். ஆனால் கேமராவை வெகுநேரம் திருப்பித் தரவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பா, எதிர்ச்சாரியில் நின்று நம் வீட்டை முழுதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கொடியில் காயும் துணி அப்படியே இருக்கட்டும். “தலைகூட வாரலை” என்று அம்மா ஓடுவாள், விடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமாவை எடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் அதில் நிற்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்